மெழுகும் முறுக்காணியும்: கழுத்து வளைந்தால் என்ன செய்வது?

சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகள்னு சொன்னாலே கார், பைக், டயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் இதே சென்னைப் பக்கத்தில் 2019-இலிருந்து யமஹா நிறுவனம் கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் தயாரிக்கிறது. அந்த கிட்டாரின் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஒளிந்திருக்கிறது. அதன் கதைதான் இது.

ஆறு ஸ்டீல் தந்திகளையும் சுருதி கூட்டினால், மொத்த இழுவை சுமார் 70 கிலோ. அதாவது ஒரு ஆளின் எடையை அந்த மெல்லிய மரக்கழுத்து இரவும் பகலும் தாங்க வேண்டும். போதாக்குறைக்கு, மரம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். கழுத்து வளையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குடல் தந்தி இருந்த காலத்தில் இழுவை குறைவு, பெரிய சிக்கல் இல்லை. ஸ்டீல் தந்தி பரவியதும்தான் தலைவலி. அமெரிக்காவின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1921-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1923-இல் கிடைத்தது. கழுத்துக்குள் ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு நட். முடுக்கினால் தந்தியின் இழுவைக்கு எதிராகக் கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும். இதுதான் டிரஸ் ராட். எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மார்ட்டின் நிறுவனம், திருப்ப முடியாத வலுவூட்டலையே நம்பியிருந்துவிட்டு, 1985-இல்தான் இதற்கு மாறியது.

நம்ம ஊர் வீணையில் இதே பிரச்சினைக்கு வேறு விடை இருக்கிறது. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்படுவதில்லை. மெழுகின் மேல் உட்காருகின்றன. இந்த 24 மெட்டு அமைப்பை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. தண்டி கொஞ்சம் அசைந்தாலோ மெழுகு இளகினாலோ, கைவினைஞர் மெழுகைச் சூடாக்கி மெட்டுகளை மறுபடி நிறுத்துவார். காதுதான் அளவுகோல். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் பள்ளம் வெட்டி அடித்து இறக்கப்பட்டவை, நகராது. அதனால் கழுத்தையே நகர்த்த வேண்டியிருக்கிறது. அங்கே மெட்டு நகரும், இங்கே கழுத்து நகரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? சுருதி கூட்டிய கிட்டாரை வாசிக்கும் நிலையில் பிடியுங்கள். ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் அழுத்துங்கள். இழுத்த தந்தியைவிட நல்ல ஸ்கேல் கிடையாது. ஆறு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், அதாவது 0.2 - 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் நலம். தந்தி நடுவில்தான் அதிகம் அதிரும், அதற்கு அந்த இடம் வேண்டும். இடைவெளி அதிகமா? வலப்புறம் முடுக்குங்கள். இடைவெளியே இல்லையா? இடப்புறம் தளர்த்துங்கள். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுபடி சுருதி கூட்டிப் பாருங்கள். நட் அசையவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். கம்பி முறிந்தால் சரிசெய்ய ஆகும் செலவு, மலிவான கிட்டாரின் விலையையே தாண்டிவிடலாம்.

ஒன்று கவனித்தீர்களா? டிரஸ் ராட் வந்த பிறகு, காதில் இருந்த வேலை ஒரு நட்டுக்கும் சாவிக்கும் போய்விட்டது. அதனால்தான் கிட்டாரைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து, வாங்கியவரே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. வீணைக்கு இன்னும் மெழுகைச் சூடாக்கத் தெரிந்த அந்தக் கைதான் வேண்டும். அந்தக் கைகள் குறைந்தால் மாற்றுச் சாவி எதுவும் கிடையாது.