நீர் மென்மையாக்கி: மீளூட்டம் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நீர் மென்மையாக்கி என்பது, நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, ஈடாகச் சோடியம் அயனிகளை நீரில் விடும் வீட்டுச் சாதனம். கடைக்காரர்களும் பிளம்பர்களும் இதை ‘சாஃப்ட்னர்’ என்கிறார்கள். இதிலுள்ள ரெசின் மணிகளின் கொள்திறன் தீர்ந்ததும், கல் உப்புக் கரைசலைச் செலுத்தி அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே மீளூட்டம். மீளூட்டத்தின் இடைவெளியை நீரின் கடினத்தன்மை, வீட்டின் அன்றாட நீர்ச் செலவு, ரெசினின் அளவு ஆகிய மூன்றும் முடிவுசெய்கின்றன. ‘வாரம் ஒருமுறை’ என்னும் பொதுவிதி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

உத்திரமேரூர் வட்டார நிலத்தடி நீர்

உத்திரமேரூர் அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு ஆகியவற்றின் வண்டல் பகுதிகள் நீங்கலாகப் பெரும்பரப்பு சார்னகைட், நைஸ் போன்ற கடும்பாறைகளால் ஆனது. மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. ஏரியை ஒட்டிய ஆழமில்லாத கிணறும் அதே ஊரிலுள்ள ஆழ்துளைக் கிணறும் வேறுவேறு தன்மையில் நீர் தருவது இதனால்தான்.

கடின நீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு எளிதில் வேகாது. ஹீட்டர் காயிலில் வெள்ளைப் படிவு ஏறும், குழாய் வாயில் உப்புப் பூக்கும். கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டுமே நீங்கும்; சல்பேட், குளோரைடு உப்புகளால் வருவது நீரிலேயே தங்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது.

செயல்படும் விதம்

ரெசின் என்பது பாலிஸ்டைரீனால் ஆன, கடுகைவிடச் சிறிய மணிகள். 1905-இல் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் செயற்கைச் சியோலைட்டைக் கொண்டு நீரை மென்மையாக்கினார். 1935-இல் இங்கிலாந்தின் ஆடம்ஸும் ஹோம்ஸும் செயற்கை ரெசினை உருவாக்கினார்கள். இன்றைய வீட்டுச் சாதனங்கள் அந்த வழியில் வந்தவை.

மீளூட்டத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி அழுக்கை வெளியேற்றும் பேக்வாஷ். அடுத்து, சுமார் 10 விழுக்காடு உப்புக் கரைசலை ரெசின் வழியாக மெல்லச் செலுத்துவது. மூன்றாவது மெதுவான அலசல், கடைசியாக வேகமான அலசல். கையால் திருப்பும் வால்வு உள்ள சாதனத்தில் இவை ஒவ்வொன்றையும் வீட்டார்தான் செய்ய வேண்டும். தானியங்கிச் சாதனங்களில் சில நாள் கணக்கில் இயங்குபவை, சில கடந்துபோன நீரை அளந்து இயங்குபவை. விருந்தாளிகள் வந்துபோகும் வீடுகளுக்கு நீரை அளக்கும் வகையே ஏற்றது.

இடைவெளியைக் கணக்கிடுதல்

ஒரு லிட்டர் ரெசினுக்கு சுமார் 100 கிராம் உப்பிட்டு மீளூட்டினால், அது ஏறத்தாழ 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் (கால்சியம் கார்பனேட் கணக்கில்). 25 லிட்டர் ரெசின் உள்ள சாதனத்தின் திறன் இதன்படி 1,125 கிராம்.

நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், இந்தச் சாதனம் 2,250 லிட்டர் நீரை மென்மையாக்கும். ஐந்தில் ஒரு பங்கை முன்னெச்சரிக்கையாக ஒதுக்கினால் 1,800 லிட்டர் மிஞ்சும். குளியலுக்கும் துவைப்புக்கும் நாளொன்றுக்கு 400 லிட்டர் செலவிடும் வீட்டில் இது நான்கரை நாள் வரும். ஆகவே நான்கு நாளுக்கு ஒருமுறை மீளூட்ட வேண்டும். அதே வீட்டில் கோடையில் கடினத்தன்மை 700-ஆக ஏறினால் மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படும்; வடகிழக்குப் பருவமழைக்குப் பின் 350-ஆக இறங்கினால் ஆறு நாளுக்கு ஒருமுறை போதும். ஆகவே மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறையாவது நீரை அளந்து கணக்கைத் திருத்த வேண்டும்.

கணக்குப்படி இடைவெளி நீண்டு வந்தாலும் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போடுவது நல்லதல்ல. அசையாமல் கிடக்கும் ரெசின் படுகை இறுகி, நீர் ஒரே தடத்தில் ஓடத் தொடங்கும், நுண்ணுயிர்களும் பெருகும். நீரில் இரும்பு இருந்தால் மணிகளின் மேல் செம்படிவு ஏறித் திறன் குறையும். அங்கே இடைவெளியைச் சுருக்குவதுடன், முன்னதாக இரும்பு நீக்கும் வடிகட்டியும் வைக்க வேண்டும்.

உப்பின் அளவு

உப்பைக் கூட்டினால் திறன் அதே விகிதத்தில் கூடுவதில்லை. லிட்டர் ரெசினுக்கு 96 கிராம் உப்பிட்டால் சுமார் 46 கிராம் கடினத்தன்மை நீங்கும். 240 கிராம் இட்டால் 69 கிராம்தான் நீங்கும். இரண்டரை மடங்கு உப்புக்கு ஒன்றரை மடங்கு பலனே கிடைக்கிறது. அதனால் குறைந்த உப்பில் அடிக்கடி மீளூட்டுவதே சிக்கனம். மண் கலக்காத கல் உப்பே ஏற்றது. தொட்டியின் அடியில் தங்கும் கசடை அவ்வப்போது அள்ளிவிட வேண்டும்.

அளந்து பார்த்தல்

டி.டி.எஸ். மீட்டரால் சாஃப்ட்னரைச் சோதிக்க முடியாது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வருவதால் அந்த மீட்டர் காட்டும் மொத்தக் கரைபொருளின் அளவு குறையாது. சொட்டுச் சோதனைப் பெட்டி வாங்கிக்கொள்வதே சரியான வழி. குறிகாட்டி கலந்த நீர் ஒயின் சிவப்பாக மாறினால் கடினத்தன்மை உண்டு. சொட்டுச் சொட்டாக மருந்து விட அது நீலமாகும், சொட்டுகளின் எண்ணிக்கையே அளவைச் சொல்லும். நன்கு மீளூட்டிய சாதனத்தின் நீரில் குறிகாட்டி இட்டதுமே நீலம் தெரியும். அடுத்த மீளூட்ட நாளுக்கு முன்பே சிவப்பு தெரிந்தால் இடைவெளி நீளம் என்று பொருள். முழு ஆய்வுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடங்களை நாடலாம்.

குடிநீரும் கழிவு உப்புநீரும்

500 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்குச் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னவர்கள் இந்த நீரைக் குடிக்கக் கூடாது. சமையலறைக்குத் தனிக்குழாய் விடுவது நல்லது.

25 லிட்டர் ரெசினுக்கு ஒவ்வொரு மீளூட்டமும் சுமார் இரண்டரைக் கிலோ உப்பையும், 150 முதல் 200 லிட்டர் நீரையும் வெளியேற்றும். இதை வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சினால் சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். கிணற்றோரமும் ஏரியின் வரத்துக்கால்வாயிலும் விடவே கூடாது. மாடு குடிக்கும் நீருக்கும் தோட்டத்துக்கும் சாஃப்ட்னர் தேவையில்லை. அவற்றைச் சாதனத்துக்கு முன்பே பிரித்துவிட்டால் மீளூட்டத்தின் எண்ணிக்கை தானாகக் குறையும்.

ஏரியின் பங்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையை விவரிக்கின்றன. அம்முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஏரியைப் பேணும் ஏரி வாரியமும் ஒன்று. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகமும் இவ்வூருடையதே. இப்படிப் பேணி, தூர்வாரி நிரப்பிய ஏரி, அருகிலுள்ள கிணறுகளின் கடினத்தன்மையை மழைநீரால் தணிக்கிறது. வீட்டுச் சாதனம் ஒரு குடும்பத்தின் நீரை மட்டும் மாற்றுகிறது, அதற்கும் உப்பைச் செலவிட்டு, மண்ணில் உப்பைச் சேர்க்கிறது. எனவே சாஃப்ட்னர் வைத்திருப்போர் அளந்து, குறைந்த உப்பில், தேவையான நாளில் மட்டும் மீளூட்ட வேண்டும். ஊரின் ஏரியையும் வரத்துக்கால்வாயையும் காப்பதில் பங்குகொள்ள வேண்டும்.