நிழற்படமும் நம் முகமும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை ஏட்டிலும் கல்வெட்டிலும் தேடுவோர் அச்சமூகத்தாரின் வீட்டுச் சுவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உப்பு விளைந்த களத்தால் பெயர்பெற்ற நம் உப்பளத்தில் எந்த வீட்டினுள் நுழைந்தாலும் சுவரில் சில படங்களைக் காணலாம். அண்ணல் அம்பேத்கர் படம் ஒன்று. மாலையிட்ட பாட்டன் பாட்டியர் படம் ஒன்று. மணமக்கள் படம் ஒன்று. இவற்றை நாம் அலங்காரமென்றே எண்ணியிருந்தோம். இவையும் வரலாற்று ஆவணங்களே என்பதை இவ்வெள்ளிவிழா மலர் வாயிலாக நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கருவி விரைவிலேயே ஆள்வோர் கைக்கு வந்தது. ஆங்கில அரசு 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் நூலை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். மக்களின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் கொண்டு அளந்தவர் அவர். இத்தகைய நூல்களின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப்பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. படத்தில் நின்றவருக்குத் தாயும் தந்தையும் இட்ட பெயர் ஒன்று உண்டல்லவா? அதைக் கேட்டெழுத வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. பெயரற்ற முகம் மனிதனாகக் கருதப்படுவதில்லை. மாதிரிப் பொருளாகி விடுகிறது.

இதற்கு எதிரான மறுமொழி அறிஞர் அவையிலன்று, கடைத்தெரு ஸ்டூடியோக்களில் எழுந்தது எனலாம். வண்ணந்தீட்டிய திரைச்சீலை, மலர்க்குவளை வைத்த சிறு மேசை, சாய்வு நாற்காலி ஆகியவற்றின் நடுவே உழைப்பாளி ஒருவர் கோட்டணிந்து நிமிர்ந்து அமர்ந்தார். தெருவில் அவர் எங்கே நிற்க வேண்டுமென்று பிறர் விதித்தனர். படத்தில் எப்படி அமர வேண்டுமென்பதை அவரே முடிவு செய்தார். நம் புதுவையில் 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி எண்ம வடிவில் காத்து வருகின்றனர். நம் பாட்டியின் பெட்டியிலுள்ள மங்கிய படமும் அறிஞர் நாடும் செல்வமே என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்க நாட்டில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி விடுதலை பெற்ற பிரடெரிக் டக்ளசு இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர். வெள்ளை ஓவியர் கறுப்பின மக்களின் முகத்தை நேர்மையாகத் தீட்டுவதில்லை என்று வருந்திய அவர், நிழற்படத்தை நாடினார். அவருடைய படங்கள் ஏறத்தாழ 160 கிடைத்துள்ளன. அனைத்திலும் நல்லுடை, கூர்ந்த பார்வை. அண்ணல் அம்பேத்கரின் கோட்டும் கையிலுள்ள நூலும் அதே பொருளுடையன. உடையும் கல்வியும் யாருக்கு மறுக்கப்பட்டனவோ, அவர்களின் தலைவர் அவ்விரண்டோடும் நின்றார். அப்படத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளை பள்ளிக்குச் செல்லத் தயங்கவில்லை.

இன்று தமிழகத்தில் கருவியே நம்மவர் கைக்கு வந்துள்ளது. மதுரை மாவட்டத்தில் மீன் விற்கும் தாயின் மகனாகப் பிறந்த பழனிக்குமார், மலக்குழியிலும் சாக்கடையிலும் இறங்கி உயிரிழக்கும் தொழிலாளரின் வாழ்வைப் படமாக்கி வருபவர். 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவரும் இவரே. அவ்வாண்டில் 'நானும் ஒரு குழந்தை' என்னும் கண்காட்சியை நடத்தினார். எண்ணிக்கையாக மட்டுமே செய்தித்தாளில் வந்து மறையும் சாவுக்குப் பின்னே ஒரு மனைவியும் பள்ளிப் பிள்ளையும் இருப்பதை அவருடைய படங்கள் காட்டுகின்றன. தாம் கற்றதைச் சிறுவர்க்கும் பயிற்றுவித்து, அவர்கள் கையில் கேமராவைத் தருவது அவரது தனிச்சிறப்பு.

வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேசுவரன் வேறொரு வழியில் சென்றார். கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பிய அவர், தம் குடும்பத்தாரையே படமெடுத்தார். அவருடைய பாட்டி பொன்னுத்தாய், கல்வியே விடுதலை தருமென்று நம்பித் தம் ஊரில் பள்ளி நடத்தியவர். அக்குடும்பப் படங்களில் அழுகுரலுக்கு இடமில்லை. அன்றாட அன்பும் விளையாட்டும் ஓய்வுமே நிறைந்துள்ளன. தலித் வாழ்வென்றால் துயரம் மட்டுமே என்னும் எண்ணத்தை அவை அமைதியாகத் தகர்க்கின்றன.

துயரத்தைக் காட்டுவது நம்மை மீண்டும் இழிவுபடுத்தாதா என்று சிலர் வினவக்கூடும். ஞாயமான வினாவே. நாம் இரண்டு அளவைகளைக் கொள்ளலாம். படத்திலிருப்பவரின் பெயரும் இசைவும் மதிக்கப்பட்டனவா? அவர் அப்படத்தைப் பார்க்கும்பொழுது தம்மைத் தாமாகவே காண்பாரா? இவ்விரண்டும் உண்டெனில் துயரப்படமும் நீதிக்கான சாட்சியாகும். இல்லையெனில் சிரித்த முகப்படமும் தர்ஸ்டனின் அளவுகோலே.

இளைஞர்களே! உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இன்று படக்கருவி உண்டு. அதற்கு முன் ஒரு கடமையும் உண்டு. வீட்டுப் பெட்டியைத் திறந்து பழைய படங்களை எடுங்கள். முதியோர் அருகிலிருக்கும்போதே, படத்திலிருப்போர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன தொழில் என்று கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பெரியவர் ஒருவர் மறையுந்தோறும் பல முகங்கள் பெயரிழக்கின்றன. பிறர் எழுதாமல் விட்ட பெயர்களுக்காக வருந்தும் நாம், நம் பெயர்களை நாமே எழுதாமல் விடலாகாது. கல்வி பெற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.