பாமாயில்: காடும் கடைத்தெருவும்

எண்ணெய்ப் பனையின் பழத்திலிருந்து பிழியப்படும் பாமாயில்தான் உலகில் மிக அதிகமாக உற்பத்தியாகும் தாவர எண்ணெய். இந்தப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் டச்சுக்காரர்கள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகளை நட்டார்கள். வெகுகாலம் இந்தப் பனை அங்கே அழகு மரமாகவே நின்றது. 1911இல் சுமத்ராவிலும் 1917இல் மலாயாவின் சிலாங்கூரிலும் வணிகத் தோட்டங்கள் எழுந்தன. பின்னாளில் ரப்பர் கட்டுபடியாகாமல் போனபோது மலேசியத் தோட்டங்கள் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப் பனை நட்டன. அங்கே தலைமுறைகளாக ரப்பர்ப் பால் எடுத்த தமிழ்த் தொழிலாளர்கள் பனைக் குலை அறுக்கப் பழகினார்கள். இன்று உலக உற்பத்தியில் சுமார் 85 விழுக்காடு இந்தோனேசியாவும் மலேசியாவும் தருவது.

இதன் பலமும் பழியும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: விளைச்சல். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை ஆண்டுக்கு 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். சூரியகாந்தியோ சோயாவோ ஒரு டன்னைத் தொடுவதில்லை. பாமாயில் சாதாரண வெப்பத்தில் பாதி கெட்டியாக இருக்கும், சீக்கிரம் சிக்கு நாற்றம் அடிக்காது, விலையும் மலிவு. ஆகவே பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு, ஷாம்பு என்று எங்கும் புகுந்துவிட்டது. அந்த லாபத்தைத் துரத்தித்தான் சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காடுகள் அழிக்கப்பட்டன. கரிச்சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். காய்ந்த சதுப்பு தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகையும். 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. புகைமூட்டத்தால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அந்தத் தீ முழுவதையும் பனைத் தோட்டங்களின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த அழிவைக் கடையில் நிற்கும் வாடிக்கையாளர் தடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று 2010இல் கிரீன்பீஸ் வெளியிட்ட ஒரு காணொளி. அலுவலக ஊழியர் ஒருவர் கிட்காட் உறையைப் பிரித்துக் கடிக்கிறார். அவர் கடித்தது ஒராங்குட்டானின் விரல். ரத்தம் விசைப்பலகையில் சொட்டுகிறது. இரண்டே மாதத்தில் கிட்காட்டைத் தயாரிக்கும் நெஸ்லே, காட்டை அழிப்பவர்களிடமிருந்து எண்ணெய் வாங்குவதில்லை என்று உறுதியளித்தது. 2013 டிசம்பரில் உலகின் மிகப் பெரிய பாமாயில் வர்த்தக நிறுவனமான வில்மரும் காடழிப்பு, சதுப்பழிப்பு, சுரண்டல் மூன்றும் கூடாது என்ற கொள்கையை அறிவித்தது.

புறக்கணிப்பு வேறு கதை. பிரிட்டனின் ஐஸ்லாந்து என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம், தன் பெயரில் விற்கும் பண்டங்களிலிருந்து பாமாயிலை நீக்குவதாக 2018இல் அறிவித்துப் பெரும் பாராட்டைப் பெற்றது. 2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் சில பண்டங்களில் அதே பாமாயிலுக்குத் திரும்பியது. பாமாயிலை விட்டு வேறு எண்ணெய்க்கு மாறினால் ஒன்பது மடங்கு வரை கூடுதல் நிலம் தேவைப்படலாம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018இலேயே எச்சரித்திருந்தது. காட்டுக்கு வரும் ஆபத்து போர்னியோவிலிருந்து பிரேசிலுக்கு இடம் மாறும், அவ்வளவே.

ஆகவே வல்லுநர்களில் பலர் சொல்வது, சான்று பெற்ற எண்ணெயை வாங்குங்கள் என்பதே. நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை (ஆர்.எஸ்.பி.ஓ.) 2004இல் தொடங்கப்பட்டது. உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் சான்றைப் பெறுகிறது. ஆனால் சான்றின் பொருளைப் புரிந்துகொள்ள ஆலை வாசலுக்குப் போக வேண்டும். அறுத்த குலையை ஓரிரு நாளுக்குள் அவித்துப் பிழியாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி தரகரின் லாரியில் ஏற்றிவிடுவார். பத்துப் பேரின் குலைகள் ஒரே குவியலாக ஆலையில் கொட்டப்படும். எது எந்தத் தோட்டத்துப் பழம் என்று அதற்குப் பிறகு யாரால் சொல்ல முடியும்? இதனால்தான் சான்றில் பல படிகள் உண்டு. மேல்படியில் எண்ணெய் தனித் தொட்டியில் வரும். கீழ்ப்படிகளில் சான்றுள்ளதும் இல்லாததும் கலந்தே வரும், அளவுக் கணக்கு மட்டும் தாளில் சரியாக இருக்கும். பொட்டலத்தின் மேல் உள்ள பனைச் சின்னத்தைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அதன் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படிக்கிறார்கள்?

சின்னத்துக்குப் பின்னால் பலம் இருப்பது மொத்தமாக வாங்குகிறவரிடம். 2016இல் மலேசியாவின் ஐ.ஓ.ஐ. குழுமத்தின் சான்றை வட்டமேசை நிறுத்திவைத்ததும் யூனிலீவர் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் கொள்முதலை நிறுத்தின. சில மாதங்களில் நிறுவனம் வழிக்கு வந்தது. தொழிலாளர் நிலைமையில் அந்தப் பலத்தைக் காட்டியது இறக்குமதி செய்யும் நாடு. கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் 2020இல் எஃப்.ஜி.வி., சைம் டார்பி ஆகிய மலேசிய நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது.

உலகிலேயே அதிகமாகப் பாமாயிலை இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. இங்கே தேர்வைத் தீர்மானிப்பது விலை. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் வாங்கும் குடும்பத்திடம் சான்றிதழ் பற்றிப் பேசுவது அபத்தம். அங்கே உண்மையான நுகர்வோர், ஒப்பந்தப்புள்ளி கோரும் அரசுதான். கடையில் தேர்ந்தெடுக்க முடிந்தவருக்கும் சிக்கல் உண்டு. பிஸ்கட் உறையிலாவது பாமாயில், பாமோலின் என்று அச்சிட்டிருப்பார்கள். சோப்பிலும் ஷாம்புவிலும் அது கிளிசரின், சோடியம் லாரில் சல்பேட் போன்ற பெயர்களில் ஒளிந்திருக்கலாம்.

இறக்குமதியைக் குறைக்க ஒன்றிய அரசு 2021இல் 11,040 கோடி ரூபாயில் தேசிய எண்ணெய்ப் பனை இயக்கத்தை அறிவித்தது. புதிதாக நடத் திட்டமிட்ட 6.5 லட்சம் ஹெக்டேரில் பாதி வடகிழக்கு மாநிலங்களில். அங்கே மிசோரமில் ஜெய்தேவ் மண்டலும் டி.ஆர். சங்கர் ராமனும் நடத்தி 2016இல் வெளியிட்ட பறவை ஆய்வில், காட்டை எரித்துப் பயிரிடுவதாகப் பழிக்கப்படும் ஜூம் சாகுபடி நிலங்களில் இருந்த அளவுக்குக்கூட வனப்பறவைகள் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் இல்லை.