அனுமதி மருத்துவருக்கா, மனைக்கா? புதுச்சேரிக் குடியிருப்பு வீதிகளில் மருத்துவ ஆலோசனை அறை

குடியிருப்புப் பகுதியில் மருத்துவர் ஒருவர் நோயாளிகளைப் பார்க்கலாமா என்ற கேள்வியை நகரமைப்பு நிர்வாகம் நிலப்பயன்பாட்டுக் கேள்வியாகவே அணுகிப் பழகியிருக்கிறது. இந்த மனை குடியிருப்பா, வணிகமா என்பதே அதன் அளவுகோல். புதுச்சேரி நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் நடைபெறும் வகைப்பாடும் இத்தகையதே. புல்வார் வளையத்துக்குள் அடங்கிய பழைய ஊருக்கு இந்த அளவுகோல் பொருந்தவில்லை. அங்கே அனுமதி மனைக்கு உரியதாக இல்லாமல், அந்த வீட்டில் குடியிருந்து தொழில் செய்யும் மருத்துவருக்கு உரியதாக இருக்க வேண்டும். அவர் குடிபெயரும் நாளில் அனுமதியும் முடிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான முதல் சான்று ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. 1761-இல் ஆங்கிலேயரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரி, பெரும்பாலும் பழைய வீதிக் கோடுகளின் மேலேயே மீண்டும் கட்டப்பட்டது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, செட்டித் தெரு, வைசியாள் வீதி போன்ற தமிழர் வீதிகளில் வீட்டின் முகப்பே வெளியாரை வரவேற்கும்படி அமைந்தது. தெருவை நோக்கித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதையடுத்துத் திண்ணை, அதன் பிறகே வாசற்கதவு, நடை, முற்றம். வந்தவர் காத்திருக்க இடமும் வீட்டார் ஒதுங்கியிருக்க இடமும் ஒரே கூரையின்கீழ் உண்டு. முன்னறையில் ஒரு மேசையும் பரிசோதனைக் கட்டிலும் போட ஒரு சுவரைக்கூட இடிக்கத் தேவையில்லை. நர்சிங் ஹோமின் தேவைகள் வேறு. லிப்ட், ஜெனரேட்டர், படுக்கைக்கொரு குளியலறை, அறுவை அரங்கம் என்று அது கேட்பவை முற்றத்தை விழுங்கிவிடும். வீடுகள் ஒட்டி நிற்கும் வீதியில் ஜெனரேட்டரின் அதிர்வு அண்டை வீட்டுச் சுவரிலும் கேட்கும். நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் இவ்விரண்டும் ஒரே 'மருத்துவம்' ஆகிவிடுவதுதான் கோளாறு.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகவே உணர்ந்திருக்கின்றன. டாக்டர் தேவேந்திர சுர்த்தி வழக்கில் (1968), மருத்துவர் தம் சொந்தத் திறனால் நடத்தும் சிகிச்சை நிலையம் பம்பாய்க் கடைகள் சட்டத்தின் பொருளில் வணிக நிறுவனம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தொழிலாளர் சட்டம் பற்றிய தீர்ப்பு. நகரமைப்புக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் 2011-இல் நொய்டா பற்றிய ஆர்.கே. மிட்டல் வழக்கு நேரே நம் பொருளையே தொடுகிறது. குடியிருப்புப் பிரிவுகளில் வங்கிகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் இடமில்லை என்ற நீதிமன்றம், மருத்துவரும் வழக்கறிஞரும் கட்டடக் கலைஞரும் தம் வீட்டுத் தரைத்தளத்தில் 30 சதவீதத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்றது. 2007-இல் அறிவிக்கப்பட்ட தில்லிப் பெருந்திட்டமும் தொழில்முறைப் பணியை ஒரு வகையாகவும் நர்சிங் ஹோமைத் தெரு அகலம் பார்த்து அனுமதிக்கும் வேறொரு வகையாகவும் பிரித்தது.

வலுவான எதிர்வாதம் போக்குவரத்து. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் காரில் வரும் நோயாளிகளை இந்தக் குறுகிய வீதிகள் தாங்குமா? பெயர்பெற்ற சிறப்பு மருத்துவர் ஒருவர் 30 சதவீத இடத்திலேயே மாலையில் வீதியை அடைத்துவிட முடியும் என்பது உண்மை. ஆகவே பரப்பளவு வரம்பு மட்டும் போதாது. ஒரே நேரத்தில் ஒரே மருத்துவர், முன்பதிவு செய்தவருக்கு மட்டும் டோக்கன், பார்வை நேரத்துக்கு வரம்பு ஆகியவையும் அனுமதியின் நிபந்தனைகளாக வேண்டும். இதற்காக ஆலோசனை அறையையே தடுப்பது முதியவர்களைத் தண்டிப்பதாகும். ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. தனியார் மருத்துவக் கல்லூரிகள் காலாப்பட்டிலும் பிள்ளையார்குப்பத்திலும் இருக்கின்றன. பாரதி பூங்கா அருகிலுள்ள அரசுப் பொது மருத்துவமனை பழைய ஊருக்குள் இருந்தாலும், மாதாமாதம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு அதன் புறநோயாளி வரிசை எளிதல்ல. நடந்து போய்வரும் தூரத்தில் தம்மை அறிந்த மருத்துவர் இருப்பது அவருக்குச் சலுகையல்ல, அடிப்படைத் தேவை.

கழிவு பற்றிய அச்சத்துக்கு விடை சட்டத்திலேயே உண்டு. 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் படுக்கையில்லாக் கிளினிக்குகளையும் கட்டுப்படுத்துகின்றன. 2012 முதல் புதுச்சேரிக்குப் பொருந்தும் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், தனி மருத்துவர் நடத்தும் கிளினிக்கையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. அந்தப் பதிவைப் புதுப்பிக்கும்போதே மருத்துவர் அதே முகவரியில் வசிக்கிறாரா என்று நகர அமைப்புக் குழுமம் சரிபார்த்துக்கொள்ளலாம். தனியொரு கண்காணிப்பு வேண்டியதில்லை.

பழைய ஊரில் வீடில்லாத இளம் மருத்துவருக்கு இது அநீதி என்பார்கள். நிபந்தனை வசிப்பதே தவிர உடைமையல்ல. வாடகைக்குக் குடியிருப்பவரும் தகுதி பெறுவார். லாஸ்பேட்டையில் வசித்துக்கொண்டு பழைய ஊரில் அறை மட்டும் எடுக்க விரும்புபவர் அண்ணா சாலை போன்ற வணிக வீதிக்குத்தான் போக வேண்டும். அதில் அவருக்கு இழப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் இரவில் ஆளில்லாத வீடுகள் பெருகும்; ஒயிட் டவுனில் தங்கும் விடுதிகளாக மாறிய வீடுகளோடு இவையும் சேரும். மருந்துக்கடையும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் இந்த அனுமதிக்குள் வரக் கூடாது. மருத்துவர் மறைந்தபின் அவர் மகளோ மகனோ அங்கேயே குடியிருந்து தொழிலைத் தொடர விரும்பினால், வாரிசுரிமையாக அல்லாமல், புதிய விண்ணப்பத்தின் பேரிலேயே அனுமதி பெற வேண்டும்.