குதிரைக் கவசத்தின் விலை

2006ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் பெதெஸ்டா என்னும் நிறுவனம் குதிரைக் கவசம் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அக்கவசம் இரும்பினால் ஆயதன்று. கையால் தொட்டுணரக்கூடிய எப்பொருளினாலும் ஆயதன்று. 'ஒப்ளிவியன்' என்னும் வீடியோ விளையாட்டில், திரையிலே ஓடும் குதிரைக்குப் பூட்டும் கவசம் அது. வேண்டுவோர் அதனை இணையத்தின் வழியே தரவிறக்கிக் கொள்ளலாம். விலை இரண்டரை டொலர். இச்சிறு தொகையின் பொருட்டு எழுந்த பூசல் பல்லாண்டுகள் அடங்கவில்லை. கையில் அகப்படாத பண்டத்துக்கு எப்பொழுது விலை தகும் என்ற வினா அப்பூசலுள் அடங்கியிருந்தமையே அதற்குக் காரணம்.

பூசலின் வேர் சற்று முந்திய காலத்தது. அந்நிறுவனம் 2002இல் 'மொரோவின்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடர்ச்சிகளாக 'றைபியூனல்' அவ்வாண்டிலும் 'பிளட்மூன்' அடுத்த ஆண்டிலும் வந்தன. அவை இறுவட்டில் பதியப்பெற்று, பெட்டியில் அடைக்கப்பட்டுக் கடையில் விற்கப்பட்டன. இறுவட்டுக்கும் பெட்டிக்கும் கடைக்காரனுக்கும் செலவு உண்டு. ஆகவே ஒரு வாளையோ கவசத்தையோ தனியே பெட்டியிலிட்டு விற்பது கட்டுபடியாகாது; தொடர்ச்சி பெரிதாகவே இருத்தல் வேண்டும். இதனை வணிகரின் பெருந்தன்மை என்று கொள்ளுதல் தவறு. அது வணிகத்தின் கட்டாயம். அத்தகைய சிறு பொருள்கள், கவசங்கள் உட்பட, கணினியில் விளையாடுவோர்க்கு இணையத்தின் வழியே இலவசமாக வழங்கப்பட்டன. பெரியதற்குப் பணம், சிறியதற்கு நன்றி என்பதே அந்நாளைய எழுதாச் சட்டம்.

2005 நவம்பரில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் விளையாட்டுப் பொறி வந்தபொழுது அச்சட்டம் தளர்ந்தது. பொறிக்குள்ளேயே கடை இருந்தது. பெட்டியும் வேண்டியதில்லை, இறுவட்டும் வேண்டியதில்லை. எத்துணைச் சிறிய பண்டத்தையும் தனியே விற்கலாம். அக்கடையில் டொலர் செல்லாது. 80 புள்ளிகளுக்கு ஒரு டொலர் என்ற கணக்கில் முதலில் புள்ளிகளை வாங்குதல் வேண்டும். குதிரைக் கவசத்தின் விலை 200 புள்ளிகள். புள்ளிகளோ கட்டுக் கட்டாகவே விற்கப்பட்டன. எஞ்சிய புள்ளிகள் வேறொன்றை வாங்கும்படி பையை அரித்துக்கொண்டேயிருக்கும். இம்முறை 2013இல் கைவிடப்பட்டது.

வாங்கியவன் பெற்றது யாது? இருவகைக் கவசங்கள்; அவற்றால் குதிரையின் உயிர்வலிமை கூடும். அவ்வளவே. அவ்விளையாட்டிலே குதிரைமீதிருந்து போர்புரிய இயலாது. பகைவன் எதிர்ப்பட்டால் இறங்கித்தான் வாளெடுத்தல் வேண்டும். அன்றியும், அது ஒருவர் தனித்தே ஆடும் ஆட்டம். பொன்னெனப் பளபளக்கும் குதிரையைக் கண்டு வியப்பதற்கு வேறொருவரும் அங்கில்லை. காண்பாரற்ற நகைக்கு விலை கேட்டதே குற்றமாயிற்று.

அதே நிறுவனம் 2007 மார்ச்சில் அதே விளையாட்டுக்கு 'சிவரிங் ஐல்ஸ்' என்னும் தொடர்ச்சியை வெளியிட்டது. விலை 30 டொலர். குதிரைக் கவசத்தைப்போலப் பன்னிரு மடங்கு. ஆயினும் கவசத்துக்கு எழுந்த கூக்குரல் அதற்கு எழவில்லை. பித்தர்களின் தெய்வம் ஆளும் ஒரு நாடு அது. அந்நாட்டின் ஒரு பாதி களிவெறியிலும் மறுபாதி அச்சத்திலும் அமிழ்ந்து கிடக்கும். அங்கே புதிய மாந்தரும் புதிய விலங்குகளும் உண்டு. ஆடுபவன் ஈற்றில் அவ்வரியணையிலேயே அமர்கின்றான். அன்றி, மூல விளையாட்டின் கதை தன்னளவில் முடிந்திருந்தது. தொடர்ச்சியை வாங்காதவன் முடிவு தெரியாமல் தவிக்கவில்லை. வாங்கியவன் குறை நிரப்பப் பணம் கொடுக்கவில்லை. புதிய நாட்டுக்குப் பயணம் போகக் கொடுத்தான்.

இதனால் அணிகலன் எதுவும் விலைபெறாது என்பதன்று. 2017இல் 'போட்நைற்' விளையாட்டின் நூறுபேர் பொருதும் ஆட்டம் வந்தது. ஆடுவதற்குக் கட்டணமில்லை, உடைகளுக்கே விலை. உடை வெற்றியைத் தருவதில்லை. ஆயினும் அதனைக் காண ஏனையோரின் கண்கள் உண்டு. வாங்காதவனுக்கு இழப்பும் இல்லை. இதற்கு மாறானது 2012இல் 'ஸ்றீற் பைற்றர் எக்ஸ் ரெக்கன்' விளையாட்டில் நிகழ்ந்தது. பின்னர் விற்கப்படவிருந்த வீரர் பன்னிருவரும், முன்னரே பணம் கொடுத்து வாங்கிய இறுவட்டினுள் பூட்டப்பட்டுக் கிடந்தமை வெளிப்பட்டது. தன் வீட்டு அறைக்குத் தானே திறவுகோல் வாங்க நேர்ந்தவனின் சினம் அங்கே எழுந்தது. அச்சினம் நியாயமானதே.

பழைய எழுதாச் சட்டத்தை மீட்டவர் போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ற் நிறுவனத்தார். 2015இல் வெளிவந்த 'விற்சர் 3' விளையாட்டுக்கு அவர்கள் 16 சிறு சேர்க்கைகளை இலவசமாக அளித்தனர். அவற்றுள் குதிரைக் கவசமும் ஒன்று! பணம் கேட்டவை இரண்டு பெருந்தொடர்ச்சிகளுக்கு மட்டுமே. அவற்றுள் 2016 மே மாதத்தில் வந்த 'பிளட் அன்ட் வைன்', ஒரு தொடர்ச்சியாயிருந்தும், முழு விளையாட்டுகளோடு போட்டியிட்டு, கேம் அவோட்ஸ் விழாவில் அவ்வாண்டின் சிறந்த பாத்திர விளையாட்டு எனப் பரிசு பெற்றது.

பெதெஸ்டா நிறுவனத்தார் தம்மீது எழுந்த கேலியைத் தாமும் இரசித்தனர் போலும். 2009 ஏப்பிரல் முதலாந் திகதி, முட்டாள்கள் தினத்தன்று, ஒப்ளிவியனின் ஏனைய சேர்க்கைகளை அரைவிலைக்கு விற்றுவிட்டுக் குதிரைக் கவசத்தின் விலையை மட்டும் இருமடங்காக்கினர். 2025 ஏப்பிரலில் அவ்விளையாட்டு புத்துருப்பெற்று வந்தது. பழைய குதிரைக் கவசம் எல்லோருக்கும் உடன்சேர்த்தே வழங்கப்பட்டது. பத்து டொலர் கூடுதலாகக் கொடுத்த சிறப்புப் பதிப்பினர்க்கு, புதிதாகச் செய்த குதிரைக் கவசங்களும் கிடைத்தன.