எங்க பேஷண்ட் கொஞ்சம் மோசம் சார்!

ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தத்தில் ஆல்புமின் எவ்வளவுன்னு ஏன் பார்க்கறாங்க? மாமாவுக்குக் குடல் ஆபரேஷன்னு முடிவானப்போ வந்த சந்தேகம். நோண்டிப் பார்த்தா, பின்னாடி ஒரு பெரிய சண்டையே இருக்கு.

1941லேயே மேயர் சாக்லாட் முதலான அமெரிக்க மயக்க மருந்து டாக்டர்கள், நோயாளிகளை உடல்நிலைப்படி வகுப்பு பிரிச்சாங்க. ஆனா இது ஆபரேஷனோட ஆபத்தைச் சொல்ற அளவுகோல் இல்லைன்னும் சொல்லிட்டாங்க. என்ன ஆபரேஷன், யார் செய்யறார் என்பதெல்லாம் சேர்ந்ததுதானே ஆபத்து?

சண்டை வந்தது 1980களில். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு அரசாங்கமே மருத்துவமனைகள் நடத்துது. அங்கே ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேர் இறக்கறாங்கன்னு புகார். நாட்டு சராசரியோட ஒப்பிட்டுக் கணக்கு காட்டுங்கன்னு சட்டமே வந்தாச்சு. டாக்டர்கள் என்ன சொன்னாங்க? எங்ககிட்ட வர்றவங்க வயசானவங்க, ஏற்கெனவே பல வியாதிக்காரங்க, மத்தவங்களோட எப்படி ஒப்பிடலாம்? "என்கிட்ட குடுத்த கோடே பழசு சார், அதான் இவ்ளோ பக்"னு நாம ஆபீஸ்ல சொல்றோமே, அதே டயலாக் :-) இதுல வேடிக்கை, ஒப்பிடறதுக்கு நாட்டு சராசரின்னு ஒண்ணு அப்போ கிடையவே கிடையாது!

இது சாக்கா, நிஜமா? அளந்தே பார்த்துடலாம்னு இறங்கினார் ஷுக்ரி கூரி என்ற இதய அறுவை நிபுணர். 1991 முதல் 1993 வரை, 44 மருத்துவமனைகள். ஆபரேஷனுக்கு முன் நோயாளி எப்படி இருந்தார், 30 நாளில் என்ன ஆனார்னு பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பதிவு செஞ்சாங்க. இப்படிப்பட்ட உடல்நிலையில் எத்தனை பேர் இறக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. நிஜமா இறந்தவங்க எண்ணிக்கையை அதால வகுக்கணும். 1க்கு ரொம்ப மேலே போனா அந்த மருத்துவமனையை விசாரிக்கணும், நல்லா கீழே இருந்தா சபாஷ்.

வகுத்துப் பார்த்தா, தரவரிசையே மாறிப்போச்சு. ஆக, டாக்டர்கள் சொன்னதில் விஷயம் இருக்கு. ஆனா இனிமே வெறும் வாயால சொன்னா செல்லாது, கணக்கு வேணும்.

இறப்பைக் கணிக்கிறதுல முன்னணியில் நின்னது எது தெரியுமா? நம்ம ஆல்புமின்தான்! உடம்புக்குள்ளே அழற்சி, சத்துக் குறைவுன்னு இருந்தா அது குறைஞ்சுடும்.

1994 முதல் இந்த முறை அந்தத் துறையின் மருத்துவமனைகளுக்கெல்லாம் பரவுச்சு. அடுத்த சில வருஷங்களில் 30 நாள் இறப்பு 27 சதவீதம் குறைஞ்சுது. 2013ல் அமெரிக்க அறுவை நிபுணர்கள் கல்லூரி, 14 லட்சம் நோயாளிகளின் தகவலை வச்சு ஒரு கால்குலேட்டரே போட்டாங்க. நோயாளியின் விவரங்களைத் தட்டினா, சிக்கல் வர வாய்ப்பு எத்தனை சதவீதம்னு சொல்லும்.

5 சதவீதம்னா நூத்துல அஞ்சு பேர். அந்த அஞ்சுல நம்ம ஆள் இருக்காரான்னு எந்தக் கணக்கும் சொல்லாது. ஆனா தேதியைத் தள்ளி வச்சு உடம்பைத் தேத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேட்க வைக்கும். அத்தை அதைத்தான் கேட்டாங்க. மாமா ஆபரேஷன் மூணு வாரம் தள்ளிப் போயிருக்கு.