மம்மியும் பாடமும்

‘மம்மி’யின் வேர், மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘மூம்’. அதில் கிளைத்த ‘மூமியா’ நிலக்கீலைக் குறித்தது. எகிப்தியப் பிணங்களின் கருமையை நிலக்கீல் என்று கருதியவர்கள் உடலுக்கே அந்தப் பெயரை இட்டார்கள். ஐரோப்பிய மருந்துக் கடைகள் அந்த உடல்களைப் பொடித்து மருந்தென்று விற்றன. பெயரே பிழை. உடலை முதலில் காத்தது உப்பு. அந்த வகையில் தோலுக்கும் புகையிலைக்கும் நாம் சொல்லும் ‘பாடம் செய்தல்’ நேர்மையான சொல். அது பூசிய பொருளை ஊகிக்காமல் செய்த வேலையைச் சொல்கிறது. மரக்காணம் கரையில் மீனைக் கீறிக் குடலை எடுத்து, வயிற்றில் அளத்து உப்பை அடைத்து, நீர் வடிந்ததும் வெயிலில் காயப்போடுவதும் எகிப்தியர் பிணத்துக்குச் செய்த அதே வரிசைதான்.

அளத்து உப்பு சோடியம் குளோரைடு, எகிப்தியரின் நேட்ரானோ பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், நேட்ரான் கொழுப்பையும் அரிக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சி அழுகலைத் தடுப்பது இரண்டுக்கும் பொது. எகிப்தியர் பூசிய பிசின்களை மறந்துவிட்டோம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. எகிப்தின் சக்காராவில் கிடைத்த பதப்படுத்தும் கூடத்தின் 31 கலங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, ஆசிய மழைக்காட்டு மரங்களின் டாமர் பிசினை அங்கே கண்டது. நம் குங்கிலியத்துக்கு உறவான சரக்கு அது. வெள்ளைப்போளம் என்று நெடுங்காலம் மொழிபெயர்க்கப்பட்ட ‘அன்டியு’ என்ற பெயர் எழுதிய கலங்களிலோ தேவதாரு போன்ற மரங்களின் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்திருந்தன.